வீட்டுப் பராமரிப்பாளரின் செய்முறைத் திறனை மதிப்பிடுதல்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிசவாதம் வந்த ஐயா, இடுப்பெலும்பு முறிந்த ஆச்சி, போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர், சிறுநீரக வருத்தத்தோடு டயலிசிஸுக்குப் போய் வருகிறவர். வன்னியில் இப்படி இன்னொருவரின் கையை நம்பி எழும்பி, குளித்து, சாப்பிடுகிறவர்கள் இல்லாத ஊர் இல்லை. பிள்ளைகள் கொழும்பிலோ கனடாவிலோ இருக்க, ஊரில் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துப் பார்ப்பதும் இப்போது வழமையாகிவிட்டது.

தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்ற பிறகு, பராமரிப்பாளர்களைப் பயிற்றுவிப்பதிலும் மதிப்பிடுவதிலும் இருக்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எங்கே போனாலும் திரும்பத் திரும்ப இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

பேப்பரில எழுதினாக் காணாதோ? ஏன் செய்து காட்டச் சொல்லுறியள்?

காணாது. "படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும்" என்று வடிவாக எழுதிய பிள்ளையே, புரட்டும்போது ஆளை விரிப்பின் மேல் உரசி இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த உரசலே புண்ணைத் தொடக்கிவைக்கும். விடைத்தாளில் அந்தப் பிழை தெரியவராது.

மற்றப் பக்கமும் உண்டு. எழுத்துக்கூட்டி வாசிக்கவே கஷ்டப்படும் ஒருவர், ஆச்சியின் முகம் சுளிப்பதைக் கண்டவுடன் கையை நிறுத்தி "எங்க நோகுது?" என்று கேட்பார். இந்தத் தொழிலின் பாதி அதில்தான் இருக்கிறது. எழுத்துச் சோதனை மட்டும் வைத்தால் இவரைத் தோற்கடித்து மற்றவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

நான் என்ர அம்மாவைத்தான் வீட்டில பார்க்கிறன். எனக்கும் இது வேணுமோ?

கட்டாயம் இல்லை. சம்பளத்துக்கு வேறு வீட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் இது முக்கியம். ஆனாலும் விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று நீங்கள் செய்வதைப் பார்ப்பது நல்லது. உங்கள் நாரி நோவுக்குக் காரணம் அம்மாவின் பாரமா, நீங்கள் தூக்கும் விதமா என்று அப்போதுதான் தெரியும்.

என்விகியூ, என்விகியூ எண்டு சொல்லுகினமே, அதுவும் இதுவும் ஒண்டோ?

என்விகியூ என்பது தேசிய தொழிற்தகைமை. அதில் 7 மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமன். நாடு முழுவதற்கும் இதை ஒழுங்குபடுத்துவது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. பராமரிப்பாளர் தொழிலுக்கும் தேசிய நியமம் ஒன்று உண்டு. என்ன வேலையை எந்தத் தரத்தில் செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். மதிப்பீட்டாளர் அதை வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். பள்ளிக்கூடத்தைப் போல முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்ற பேச்சு கிடையாது. ஒவ்வொரு வேலையிலும் "தேர்ச்சி" அல்லது "இன்னும் தேர்ச்சி இல்லை", அவ்வளவுதான்.

இதைவிட, பயிற்சி நிலையங்களும் தொண்டு நிறுவனங்களும் தங்கள் வகுப்பின் முடிவில் வைக்கும் செய்முறைச் சோதனை இருக்கிறது. அதுவும் பிரயோசனமானதுதான், ஆனால் அந்தச் சான்றிதழ் என்விகியூ ஆகாது. காசு கட்ட முன்னமே "முடிவில் என்விகியூ மதிப்பீடு உண்டா, எந்த மட்டம்?" என்று கேளுங்கள்.

ஒன்பதாம் வகுப்போட பள்ளிக்கூடம் விட்டனான். 2009இல காயப்பட்ட மனுசனை இவ்வளவு காலமும் நான்தான் பார்க்கிறன். என்னட்ட ஒரு கடுதாசியும் இல்லை. என்னை மதிப்பிடுவினமோ?

மதிப்பிடலாம். வகுப்புக்குப் போகாமல் வேலையில் பழகியவர்களுக்கென்றே முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற வழி இருக்கிறது. நைற்றா என்று நாங்கள் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலோ, தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ, பராமரிப்பாளர் தொழிலுக்கு அந்த வழியில் விண்ணப்பிப்பது எப்படி என்று கேளுங்கள். மனிசரின் கிளினிக் கொப்பி, நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்று கிராம சேவையாளர் தரும் கடிதம், எங்காவது இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருந்தால் அதன் துண்டு, எல்லாவற்றையும் ஒரு கோவையில் சேர்த்து வையுங்கள்.

வன்னியில் ஆழமான பராமரிப்புத் திறன் உங்களைப் போன்ற பெண்களிடம்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பையில் சேரும் சிறுநீரின் நிறத்தைப் பார்த்தே காய்ச்சல் வரப்போகிறது என்று சொல்லக்கூடியவர்கள் நீங்கள். ஆனால் வருடக் கணக்கை மட்டும் பார்த்து நான் தேர்ச்சி கொடுக்கமாட்டேன். சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டு உரஞ்சுவது, கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்குவது, படுத்தபடியே தண்ணீர் பருக்குவது என்று சில பழக்கங்கள் ஊறிப்போயிருக்கும். அவற்றை மாற்றிக்கொண்டு வந்தால் போதும். மாற்ற அதிக நாள் எடுக்காது.

அண்டைக்கு என்னென்ன செய்யச் சொல்லுவினம்?

ஒரு நாளில் அந்த வீட்டில் நடக்கும் வேலைகள்தான். கை கழுவுதல், ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுதல், உடம்பு துடைத்தல் அல்லது குளிப்பாட்டல், வாய் சுத்தம், உடுப்பு மாற்றுதல், பம்பஸ் மாற்றுதல், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுதல், சாப்பாடு தீத்துதல், பிரஷரும் காய்ச்சலும் அளந்து எழுதுதல். இடையிடையே "இப்ப இவருக்கு மயக்கம் வந்தால் என்ன செய்வீர்கள்?" போன்ற வாய்மொழிக் கேள்விகள் வரும்.

எல்லா வேலைக்கும் பொதுவாக மூன்றைப் பார்ப்போம். தொட முன்னம் சொன்னீர்களா? செய்யும்போது முகத்தைப் பார்த்தீர்களா? முடிந்த பிறகு எழுதிவைத்தீர்களா?

கை கழுவுறதுக்கு இவ்வளவு கரைச்சலோ? எங்கட வீட்டில பைப்பும் இல்லை.

ஒரு வருத்தக்காரரிடமிருந்து கிருமி இன்னொரு இடத்துக்குப் போவது பெரும்பாலும் பார்க்கிறவரின் கையால்தான். சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் தொடக்கத்திலிருந்து துடைக்கும் வரை 40 முதல் 60 விநாடி, கைக்குத் தடவும் அற்ககோல் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெருவிரலும் விரல் நுனிகளும்தான் அநேகமாகத் தவறிப்போகும் இடங்கள். மோதிரம், காப்பு, நூல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

பைப் இல்லாதது குறையே இல்லை. வாளிக்குள் கையை விட்டுக் கழுவினால்தான் குறை, அந்தத் தண்ணீர் முழுவதும் அழுக்காகிவிடும். மூடி உள்ள வாளியில் ஒரு சிறிய குழாய் பூட்டிவைக்கலாம், அல்லது யாராவது கப்பால் ஊற்றிவிடலாம். "ஊத்திவிடுங்கோ" என்று வீட்டாரைக் கேட்ட பிள்ளைக்கு அந்த இடத்திலேயே சரி போட்டுவிடுவேன்.

கதிரைக்கு மாத்துறதிலதான் கனபேர் கோட்டை விடுகினம். ஏன்?

அவசரம். ஆளை ஒரே தூக்கில் தூக்கி வைத்தால் கெட்டிக்காரத்தனம் என்ற நினைப்பு. உண்மையில் தூக்கவே கூடாது. அவரிடம் மிச்சமிருக்கும் பலத்தை அவர் பாவிக்க நீங்கள் உதவ வேண்டும்.

பாரிசவாதம் வந்த ஒரு ஐயாவை எடுத்துக்கொள்வோம். கதிரையை அவரின் பலமான பக்கத்தில், கட்டிலுக்குக் கிட்ட, சற்றுச் சாய்வாக வைக்க வேண்டும். சக்கர நாற்காலி என்றால் இரண்டு பிரேக்கும் போட்டு, கால் வைக்கும் தட்டை விலக்க வேண்டும். படுத்திருந்தவரை இருத்தியவுடன் எழுப்பாமல் கொஞ்ச நேரம் இருக்கவிட்டு "தலை சுத்துதோ ஐயா?" என்று கேட்க வேண்டும். பாதங்கள் நிலத்தில் பதிய, உடம்பை முன்னுக்குச் சரிக்கச் சொல்லி, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று அவருக்கும் கேட்க எண்ணி, சேர்ந்து எழும்ப வேண்டும். உங்கள் முழங்கால் மடிய வேண்டும், முதுகு வளையக் கூடாது. கதிரை காலின் பின்பக்கத்தில் முட்டிய பிறகுதான் மெதுவாக இருத்துவது.

கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்குவதையும் பலவீனமான கையைப் பிடித்து இழுப்பதையும் நான் கடும் பிழையாகவே எடுப்பேன். பாரிசவாதம் வந்த பக்கத்தில் தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். ஒரு இழுவையில் மூட்டு இறங்கிவிடும். பிறகு அந்த நோவுடன் ஐயா மாதக்கணக்கில் படுப்பார். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். ஆள் பாரம், தனிய ஏலாது என்றால் "இதுக்கு இன்னொராள் வேணும்" என்று சொல்வதும் தேர்ச்சிதான்.

சோதனையில உயர்த்திப் பதிக்கிற கட்டில் இருக்கும். எங்கட ஆச்சி படுக்கிறது பாயில. அங்க தேறி என்ன பிரயோசனம்?

நியாயமான கேள்வி. பயிற்சி நிலையத்தில் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். வீட்டுத்திட்ட வீட்டில் அறைக் கதவு ஒடுக்கம், மலசலகூடம் முற்றத்தின் மூலையில், மாரியில் வழி முழுக்கச் சேறு. அதனால் மதிப்பீட்டின் ஒரு பகுதியாவது உண்மையான வீட்டில் நடக்க வேண்டும் என்று நான் விடாமல் கேட்டு வருகிறேன். அது முடியாத நாளில், மையத்திலேயே நிலத்தில் பாய் விரித்து, ஒரு வாளி, ஒரு கப், இரண்டு தலையணை, ஒரு பழைய சீலை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்வேன்.

அந்தச் சீலையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை உடம்புக்குக் கீழே குறுக்காக விரித்தால், ஆளை உரசாமல் புரட்டவும் நகர்த்தவும் அதுவே போதும். பாயில் படுத்தவரைப் பார்க்கும்போது குனிந்து நிற்கக் கூடாது, முழங்காலில் இருந்து வேலை செய்ய வேண்டும். வீட்டார் சம்மதித்தால் ஆச்சியை உறுதியான ஒரு கட்டிலுக்கு மாற்றச் சொல்லுங்கள். பார்க்கிறவரின் முதுகு பிழைக்கும், ஆச்சி எழும்புவதும் லேசாகும்.

படுக்கைப்புண் வந்த பிறகு மருந்து கட்டுறதைத்தான் பார்ப்பீங்களோ?

இல்லை, மருந்து கட்டுவது தாதியின் வேலை. பராமரிப்பாளரிடம் நாங்கள் பார்ப்பது, வர முன்னமே கண்டுபிடிக்கிறாரா என்பதை. உடம்பு துடைக்கும்போது நாரியின் அடி, இடுப்பின் இரு பக்கம், குதிக்கால், முழங்கை, பின்தலை, காது மடல் என்று எலும்பு முட்டும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி விட்டால் வெளிறிப் பிறகு நிறம் திரும்ப வேண்டும். வெளிறாமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. எங்கள் கறுத்த தோலில் சிவப்பு வடிவாகத் தெரியாது. அதனால் புறங்கையால் தொட்டு, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ இறுக்கமாகவோ இருக்கிறதா என்று பார்ப்பவருக்குத்தான் தேர்ச்சி. அந்த இடத்தை உரஞ்சக் கூடாது. அதன்மேல் பாரம் விழாமல் திருப்பிவிட்டு, எழுதிவைத்து, சொல்ல வேண்டியவருக்குச் சொல்ல வேண்டும்.

முழுவதும் சரித்துத் தோளிலும் இடுப்பிலும் நிறுத்தாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து ஒரு 30 பாகை சரித்தால் போதும். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்து, குதிக்கால் மெத்தையில் முட்டாமல் விட வேண்டும். முள்ளந்தண்டு காயப்பட்டு நாற்காலியில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உயர்ந்தோ, முன்னுக்குச் சரிந்தோ பாரத்தை மாற்ற வேண்டும். உணர்வில்லாததால் நோகிறது என்று அவரால் சொல்ல முடியாது. அதை நினைவுபடுத்துவது உங்கள் வேலை.

முள்ளந்தண்டுக் காயக்காரரைப் பார்க்கிறதுக்குத் தனியா ஏதும் கேப்பினமோ?

பொதுவான மதிப்பீட்டில் சில வேளை கேட்கமாட்டார்கள். வன்னியில் கேட்டே ஆக வேண்டும் என்பது என் நிலைப்பாடு. உணர்வில்லாத காலில் சுடுதண்ணீர் ஊற்றினால் தோல் வெந்தது கூட அவருக்குத் தெரியாது. அதனால் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர், உங்கள் முழங்கையின் உட்பக்கத்தால் பார்த்த பிறகுதான் குளிப்பாட்டல்.

சிறுநீர்க் குழாய் இருந்தால் சிறுநீர் சேரும் பை எப்போதும் உடம்புக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்தில் முட்டக் கூடாது. நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயப்பட்டவருக்குத் திடீரென்று கடும் தலையிடி, முகம் சிவத்தல், வியர்வை வந்தால் அது உயிராபத்து. பிரஷர் சடுதியாக ஏறுகிறது. உடனே நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, குழாய் மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அநேகமாகக் காரணம் அங்கேதான் இருக்கும். அடங்காவிட்டால் 1990க்கு அழைத்து இலவச அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இதைத் தெரியாத ஒருவரை அப்படிப்பட்ட வீட்டுக்கு அனுப்ப நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

சாப்பாடு தீத்துறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?

பிள்ளைக்குத் தீத்தத் தெரியும். விழுங்கக் கஷ்டப்படும் பெரியவருக்குத் தீத்துவது வேறு வேலை. நிமிர்ந்து இருத்த வேண்டும், நாடி சற்றுக் கீழே பார்க்க வேண்டும். தேக்கரண்டியில் சிறிது சிறிதாக, முன்னைய வாய் இறங்கிய பிறகுதான் அடுத்தது. இருமினாலோ, குரல் சளி கட்டியதுபோல ஈரமாகக் கேட்டாலோ உடனே நிறுத்த வேண்டும். சாப்பாடு நுரையீரலுக்குள் போனால் நியுமோனியா வரலாம். இப்படிப்பட்டவருக்குத் தண்ணீரைவிடத் தடித்த கஞ்சி பல வேளை பாதுகாப்பு, ஏனென்றால் தண்ணீர் வேகமாக வழுக்கிப் போய்விடும். சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலமாவது படுக்கவிடக் கூடாது.

அடுத்தது, யாருக்கு எது என்பது. வவுனியாவிலும் அதைச் சுற்றியும் சிறுநீரக வருத்தம் அதிகம் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும் அன்பாகக் கொடுத்துவிடுவோம். இரண்டிலும் பொட்டாசியம் கூட. பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் இதயத்துடிப்பே குழம்பலாம். மதிப்பீட்டில் நான் வேண்டுமென்றே ஒரு இளநீரை மேசையில் வைப்பேன். "இவருக்கு இது குடுக்கலாமோ? டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்பவர் சரியான ஆள்.

பிரஷர் மெசின் காட்டின இலக்கத்தைச் சரியாத்தான் எழுதினனான். அப்பிடியிருந்தும் "இன்னும் தேர்ச்சி இல்லை" எண்டிட்டினம். ஏன்?

இலக்கத்தை மெசின் சரியாகக் காட்டும். அளந்த விதம் பிழையென்றால் அந்த இலக்கமே பிழை. ஆள் 5 நிமிடம் அமைதியாக இருந்தாரா? முதுகு சாய்ந்து, பாதம் நிலத்தில், கால்மேல் கால் போடாமல் இருந்தாரா? கை இதய மட்டத்தில் எதன்மேலாவது தாங்கியிருந்ததா? பட்டியைச் சட்டைக்கு மேல் கட்டினீர்களா? அளக்கும்போது கதைத்துக்கொண்டிருந்தீர்களா? இவற்றில் ஒன்று பிசகினாலும் உண்மையான பிரஷரைக் காட்டாது, அநேகமாகக் கூடக் காட்டும்.

டயலிசிஸ் செய்பவர் என்றால், அதற்காக இரத்தக்குழாய் இணைத்த கையில் அளக்கவே கூடாது. மற்றக் கையைக் கேட்க வேண்டும்.

குளிசை குடுக்கலாம், ஊசி போடலாமோ? வீட்டுக்காரர் போடச் சொல்லுகினம்.

குளிசையை மருந்துத் துண்டில் உள்ளபடி, நேரம் பார்த்து, பெயர் பார்த்து எடுத்துக்கொடுத்து விழுங்கியதை உறுதிசெய்யலாம். அளவைக் கூட்டிக் குறைக்கக் கூடாது, பக்கத்து வீட்டாரின் குளிசையைக் கொடுக்கவே கூடாது. இன்சுலின் போன்றவற்றை, அந்த ஆளுக்கென்று தாதியோ வைத்தியரோ உங்களுக்கு நேரே பழக்கி அனுமதித்தால் ஒழியத் தொடாதீர்கள். சேலைன் ஏற்றுவது, புண் வெட்டுவது, சிறுநீர்க் குழாய் போடுவது எல்லாம் உங்கள் வேலை இல்லை.

மதிப்பீட்டில் இதற்கென்று ஒரு சூழ்நிலை வைப்போம். மகனாக நடிப்பவர் "நீர் நல்லாப் பழகின பிள்ளைதானே, இந்த ஊசியை ஏத்திவிடும்" என்று வற்புறுத்துவார். "அண்ணை, இது நான் செய்யக்கூடாத வேலை. கிளினிக்கில கேட்டு, தாதியைக் கூப்பிடுவம்" என்று மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்கிறாரா என்று பார்ப்போம்.

சின்னப் பிழை விட்டாலும் பெயில் ஆக்குவினமோ? எனக்கு ஆராவது பார்த்தாலே கை நடுங்கும்.

கை நடுங்குவதற்கு யாரும் குறை போடமாட்டார்கள். ஒரு படியை மறந்து, நீங்களாகவே நினைவு வந்து "பொறுங்கோ, இதை விட்டிட்டன்" என்று திருத்தினால் அதுவும் பிழையாகாது. ஆபத்தைக் கொண்டுவரும் பிழைகள்தான் வேறு. பிரேக் போடாமல் மாற்றுவது, தண்ணீர்ச் சூடு பார்க்காமல் ஊற்றுவது, கட்டில் விளிம்பில் ஆளைத் தனிய விட்டுத் துவாய் எடுக்கப் போவது, இருமும்போதும் தீத்துவது. இவற்றில் ஒன்று நடந்தால் மதிப்பீட்டாளர் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். மற்றெல்லாம் நன்றாகச் செய்திருந்தாலும் அந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

சோதனைக்குப் படுக்கிறது உண்மையான வருத்தக்காரரோ, பொம்மையோ?

பம்பஸ் மாற்றுதல், உடம்பு கழுவுதலுக்குப் பொம்மை. மாற்றுதல், தீத்துதல், கதைத்தலுக்கு நடிக்கப் பழகிய ஒருவர். உண்மையான வீட்டில் என்றால், முதலில் வருத்தக்காரரின் சம்மதம், பிறகுதான் வீட்டாரின் சம்மதம். "இண்டைக்கு வேண்டாம்" என்று அவர் இடையில் சொன்னாலும் நிறுத்த வேண்டும். போனில் படம் எடுப்பது, வீடியோ எடுத்து அனுப்புவது கூடவே கூடாது. ஒருவரின் உடம்பை மற்றவரின் சான்றிதழுக்காகத் திறந்து காட்ட யாருக்கும் உரிமை இல்லை.

ஆம்பிளை ஆளைப் பொம்பிளைப் பிள்ளை கழுவுறதையும் பார்ப்பீங்களோ? எங்கட ஊரில ஒரு மாதிரிக் கதைப்பினம்.

கழுவுவதைவிட, அதை எப்படிக் கேட்கிறார் என்பதைப் பார்ப்போம். "ஐயா, நான் கழுவிவிடட்டோ, மகன் வந்தாப் பிறகு செய்வமோ?" என்று கேட்டு, கதவைச் சாத்தி, துடைக்கும் இடத்தை மட்டும் திறந்து மற்றதைச் சாரத்தால் மூடி, அவரால் ஏலுமான இடத்தை அவர் கையாலேயே கழுவவிட வேண்டும். வேலைக்குச் சேர முன்னமே வீட்டாருடன் இதைப் பேசித் தீர்த்துக்கொண்டால் ஊர்க் கதைக்கும் இடமில்லை.

மறதி வருத்தம் வந்த ஆச்சி, காணாமப் போன மகனைத் தேடுறா. இதுக்கெல்லாம் என்னெண்டு சோதனை வைக்கிறது?

இதுதான் எனக்கு மிகக் கடினமான பகுதி, மிக முக்கியமானதும் கூட. வன்னியில் மறதி வருத்தம் வந்த தாய்மார் பலருக்கு நினைவு திரும்பத் திரும்பப் போரின் அந்தக் கடைசி மாதங்களுக்கே போகிறது. இரவில் எழும்பி "பங்கருக்குள்ள போ" என்பார். மகன் எங்கே என்று கேட்பார்.

நடிப்பவரை வைத்து இந்தச் சூழ்நிலையைச் செய்யச் சொல்வேன். "அவர் இல்லைத்தானே ஆச்சி, எத்தினை தரம் சொல்லுறது" என்று சொன்னால் அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் துயரப்படுவார். "நாளைக்கு வருவார்" என்பது பொய், ஆச்சி வாசலில் காத்திருப்பார். பக்கத்தில் இருந்து கையைப் பிடித்து, "மகனை நினைச்சுக்கொண்டு இருக்கிறியளோ? அவருக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" என்று மகனைப் பற்றியே கதைக்கவிட்டால் பதற்றம் மெதுவாகத் தணியும். அதைச் செய்பவருக்குத் தேர்ச்சி. ஒரு சரியான வசனத்தைப் பாடமாக்கி ஒப்புவிப்பவரை நான் தேர்ச்சி என்று எழுதமாட்டேன். நடிப்பவரை அடுத்த முறை வேறு விதமாக அழவைத்துத் திரும்பப் பார்ப்பேன். மதிப்பிடப்படும் பெண்ணின் சொந்த வீட்டிலும் அப்படி ஒருவர் காணாமல் போயிருக்கலாம். ஆகவே முதலே கேட்டுவிட்டுத்தான் இந்தப் பகுதிக்குப் போக வேண்டும். ஏலாது என்றால் வேறு சூழ்நிலை கொடுக்க வேண்டும்.

மதிப்பிட வாறவர் எங்கட ஊர், சொந்தக்காரரும் கூட. நியாயமாப் பார்ப்பாரோ?

இங்கே யாரைக் கேட்டாலும் ஒரு வழியில் சொந்தம்தான். அதனால் இரண்டு பேர் பார்ப்பது நல்லது. ஒருவரோடொருவர் கதைக்காமல், ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகப் பட்டியலில் அடையாளமிட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். வேறுபட்டால் அந்த வேலையைத் திரும்பப் பார்க்க வேண்டும். "நல்ல பிள்ளை", "மரியாதையான குடும்பம்" என்பதெல்லாம் பட்டியலில் வரக் கூடாது. நெருங்கிய உறவென்றால் மதிப்பீட்டாளர் தானாகவே விலகிக்கொள்வதுதான் முறை. நீங்களும் வேறு ஆளைக் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் கனடாவில இருக்கிறன். ஊரில அம்மாவுக்கு ஆள் பிடிக்கவேணும். சேர்ட்டிபிக்கேற் இருந்தால் நம்பலாமோ?

சான்றிதழ் தொடக்கத்துக்கு உதவும். அதற்கு மேல், ஊரில் நம்பிக்கையான ஒருவரை வைத்து, வருகிறவரை அரை நாள் அம்மாவோடு விடுங்கள், அதற்குரிய கூலியும் கொடுங்கள். கை கழுவுதல், மாற்றுதல், தீத்துதல் பற்றி மேலே சொன்னவற்றை மட்டும் பார்த்தால் போதும். போனவுடன் உங்களிடம் சம்பளம் பேச முன்னம் அம்மாவோடு கதைத்தாரா? கிளினிக் கொப்பியைக் கேட்டாரா? இருட்டில் மலசலகூடத்துக்குப் போகும் வழியைப் பார்த்தாரா?

முடிவில் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். கதைக்க ஏலாதவர் என்றால், அந்தக் கை தொடும்போது அவர் உடம்பு இறுகுகிறதா தளர்கிறதா என்று பக்கத்தில் நின்றவரைக் கேளுங்கள். வீடியோவில் பார்த்து இதை முடிவெடுக்க முடியாது.

இதை வச்சு வெளிநாடு போகலாமோ?

என்விகியூ உதவும், ஆனால் ஒவ்வொரு நாடும் தன் சோதனையையும் வைக்கும். உதாரணமாக ஜப்பானுக்குக் குறிப்பிட்ட திறன் விசாவில் பராமரிப்பு வேலைக்குப் போக, பராமரிப்புத் திறன் சோதனை, பராமரிப்புக்கான ஜப்பானிய மொழிச் சோதனை, அதோடு பொது ஜப்பானிய மொழிச் சோதனை ஒன்று தேவை. காசு கொடுக்க முன்னம், முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டுப் பாருங்கள்.

தேறேல்லை எண்டால்? திரும்பத் தொடக்கத்தில இருந்தோ?

தேறாத வேலையை மட்டும் திரும்பப் பழகிச் செய்து காட்டலாமா என்று முதலில் கேளுங்கள். முடிவைச் சொல்லும்போது "பெயில்" என்று ஒரு சொல்லோடு அனுப்பிவிட விடாதீர்கள். எந்தப் படி, என்ன நடந்தது, எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுத்து வாசிப்பது கஷ்டமென்றால், மதிப்பீட்டாளரையே அதே இடத்தில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு வீட்டில் உங்கள் மகளையோ பக்கத்து வீட்டுக்காரரையோ படுக்கவைத்து, அந்த ஒரு படியைக் கை தானாகச் செய்யும் வரை பழகிக்கொண்டு வாருங்கள்.